மின்சார சபை லைனோடு சோலார் சேர்க்க நினைக்கிறீர்களா? யாழ்ப்பாணத்து வீட்டுக்கு ஒரு இன்வேட்டர் வழிகாட்டி

சோலார் போட நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கொம்பனிப் பனல் நல்லது?" என்றுதான். பனலைப் பற்றி அவ்வளவு கவலைப்படத் தேவையில்லை. நல்ல பெயருள்ள எதை வாங்கினாலும் கூரையில் ஏற்றிய பிறகு அது தன் பாட்டில் கிடக்கும். நாள் முழுக்க வேலை செய்வதும், பழுதானால் மாதக் கணக்கில் உற்பத்தியை நிறுத்துவதும் சுவரில் தொங்குகிற இன்வேட்டர்தான். அந்த இன்வேட்டர் எவ்வளவு ஒழுங்காக ஓடும் என்பது உங்கள் படலைக்கு வெளியே கம்பத்தில் போகிற லைனைப் பொறுத்தது. அதனால் இங்கே லைனைத்தான் முதலில் பார்க்கிறோம். அடுத்தது பில்லும் கூரையும். பெட்டி வாங்கக் கடைக்குப் போவது அதற்கும் பிறகு. விற்க வருகிறவர்கள் இதைத் தலைகீழாகத்தான் சொல்வார்கள்.

பெட்டிக்குள் நடப்பது

பனலில் இருந்து வருவது நேரோட்டம், அதாவது டிசி. பத்துப் பனலை வரிசையாகத் தொடுத்தால் 400, 500 வோல்ட் வரை இருக்கும். வீட்டுக்கு வருவது 230 வோல்ட் ஆடலோட்டம், அதாவது ஏசி. அது செக்கனுக்கு 50 தடவை ஏறி இறங்குகிறது. இன்வேட்டர் முதலாவதை இரண்டாவதாக மாற்றுகிறது. உள்ளே இருக்கிற மின்னணுச் சுவிச்சுகள் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடி, அலை வடிவத்தைத் துண்டு துண்டாகக் கட்டும். பின்னால் இருக்கிற சுருள்களும் கொள்ளளவிகளும் அதை மழமழப்பாக்கி வெளியே விடும்.

லைனோடு சேர்கிற இன்வேட்டர் தானாக ஒரு அலையை உண்டாக்குவதில்லை. நல்லூர்த் தேரில் பிந்தி வந்து வடம் பிடிக்கிறவர் செய்வதைத்தான் இதுவும் செய்கிறது: மற்றவர்கள் எந்தத் தாளத்துக்கு இழுக்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் பார்த்து, அந்தத் தாளத்தில் சேர்ந்து இழுக்கும். காலையில் வெயில் ஏறியதும் பெட்டி உடனே ஓடத் தொடங்காமல் திரையில் சில நிமிடம் எண்ணிக்கொண்டு நிற்பது இதற்காகத்தான். வோல்டேஜும் அதிர்வெண்ணும் எல்லைக்குள் இருக்கின்றனவா என்று பார்த்து, சரியென்றால் உள்ளே லைனோடு இணைக்கிற சுவிச்சான ரிலே "டக்" என்று விழும். அதற்குப் பிறகுதான் கரண்ட் போகும்.

இதைவிட இரண்டு வேலை அதற்கு உண்டு. வெயிலும் சூடும் மாற மாற, பனலில் இருந்து ஆகக் கூடுதலான சக்தி எந்த வோல்டேஜில் கிடைக்கும் என்று தேடிக்கொண்டே இருப்பது ஒன்று. இதை எம்பிபிடி என்பார்கள். மற்றது லைனைக் கண்காணிப்பது. லைன் செத்தால் ஒரு கணத்துக்குள் தானும் நின்றுவிட வேண்டும்.

இந்தக் கடைசி வேலையைத்தான் நம்மவர்கள் கூடுதலாகத் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். "சோலார் போட்டால் கரண்ட் போனாலும் எங்கட வீட்டில லைற் எரியும்தானே?" இல்லை. நல்ல வெயில் எறித்தாலும், பற்றரி இல்லாத சாதாரண லைன் இன்வேட்டர் கரண்ட் போன கணமே நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும். மின்சார சபை ஆள் லைனை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறி வேலை செய்யும்போது உங்கள் கூரையில் இருந்து கரண்ட் போனால் அந்த மனிதருடைய உயிருக்கு யார் பொறுப்பு? கரண்ட் போகிற நேரத்திலும் வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வேட்டரும் பற்றரியும் போட வேண்டும். அது லைனில் இருந்து வீட்டைத் துண்டித்துவிட்டு, தெரிந்தெடுத்த சில லைற்றுகளையும் ஃபேனையும் பிரிட்ஜையும் மட்டும் ஓட்டும். செலவு நன்றாகக் கூடும். முதலிலேயே யோசித்து முடிவெடுங்கள்.

முதற்படி: உங்கள் லைனை அளந்து பாருங்கள்

ஒரு சாதாரண மல்ரிமீற்றர் போதும். பழக்கமில்லாவிட்டால் தெரிந்த எலக்ரீசியனைக் கூப்பிடுங்கள். மெயின் சுவிச்சுக்குப் பக்கத்துப் பிளக்கில் வோல்டேஜை அளந்து எழுதி வையுங்கள். காலை, நல்ல வெயில் நடுப்பகல், இரவு எட்டு மணி என்று நாளுக்கு மூன்று தடவையாகச் சில நாள் அளந்து பாருங்கள். அதில் ஒன்றாவது ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலாக இருக்கட்டும். கடைகளும் அலுவலகங்களும் பூட்டிக் கிடந்து, எல்லாக் கூரையும் கரண்ட் தள்ளுகிற நேரம் அது. லைனின் உண்மையான குணம் அப்போதுதான் தெரியும்.

இலங்கையில் வீட்டுக்கு வரவேண்டிய வோல்டேஜ் 230, கூட்டியோ குறைத்தோ 6 சதவீதம். அதாவது 216 இல் இருந்து 244 வரை. இரவில் 220, நடுப்பகலில் 232 என்று வந்தால் நிம்மதியாக அடுத்த படிக்குப் போகலாம். நடுப்பகலில் இப்போதே 242, 243 என்று காட்டினால் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் வீதியில் ஏற்கெனவே பலபேர் சோலார் போட்டிருக்கலாம். ரான்ஸ்போமரின் செற்றிங் உயரமாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

ஏன் இது முக்கியம் என்றால், தண்ணீரைப் போலவே கரண்டும் உயரத்தில் இருந்து பள்ளத்துக்குத்தான் போகும். உங்கள் இன்வேட்டர் லைனுக்குள் கரண்ட் தள்ள வேண்டுமானால் லைனைவிடக் கொஞ்சம் கூடிய வோல்டேஜ் கொடுக்க வேண்டும். எவ்வளவு கூட என்பதை வயர் தீர்மானிக்கிறது. 5 கிலோவாட் இன்வேட்டர் முழு வெயிலில் 22 அம்பியர் அளவு தள்ளும். இன்வேட்டரில் இருந்து மீற்றர் வரை 100 அடி தூரத்துக்கு 6 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் இழுத்திருந்தால், போக வர இரண்டு வயரிலுமாக 4 வோல்ட் ஏறும். அதே தூரத்துக்கு 10 சதுர மில்லிமீற்றர் என்றால் இரண்டரை வோல்ட்டுக்குள் அடங்கும். இது உங்கள் வளவுக்குள் மட்டும்தான். மீற்றரில் இருந்து கம்பத்துக்கும், கம்பத்தில் இருந்து ரான்ஸ்போமருக்கும் போகிற வயரில் இன்னும் ஏறும். ஒழுங்கையின் கடைசி வீடு என்றால் அது இன்னும் கூட.

243 இல் நிற்கிற லைனில் இவ்வளவும் சேர்ந்தால் இன்வேட்டர் கண்ணுக்கு 250 போலத் தெரியும். இன்வேட்டருக்குள் வைத்திருக்கிற மேல் எல்லையைத் தாண்டியதும் அது கழன்றுகொள்ளும். நடுப்பகல் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றால் இது நன்றாக விளங்கும்: 246, 248, 249 என்று ஏறும், பிறகு டக். சிவப்பு லைற், "லைன் வோல்டேஜ் கூட" என்ற அர்த்தத்தில் ஒரு எழுத்து. சில நிமிடம் காத்திருக்கும். திரும்பவும் சேரும், திரும்பவும் ஏறும், டக். ஆகக் கூடுதலாக உழைக்க வேண்டிய இரண்டு மணித்தியாலமும் இப்படியே போய்விடும். மாத முடிவில், "பனல் சரியில்லை" என்று பனலுக்குத்தான் ஏச்சு விழும்.

வழி இருக்கிறது. இன்வேட்டரை மீற்றருக்குப் பக்கத்தில் வைத்து, தூரத்தை டிசி வயருக்கு விடுங்கள். டிசி பக்கம் 400 வோல்ட் அளவில் ஓடுவதால் கரண்ட் குறைவு, இழப்பும் குறைவு. ஏசி வயரை ஒரு அளவு கூட்டித் தடிப்பாகப் போடுங்கள். மூன்று பேஸ் இருந்தால் மூன்று பேஸ் இன்வேட்டர் வாங்குங்கள். அப்போது ஒரே லைனில் எல்லாவற்றையும் தள்ளாமல் மூன்றாகப் பிரிந்து போகும். அப்படியும் கூட இருந்தால், எழுதி வைத்த அளவுகளோடு மின்சார சபைப் பிரதேச அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். ரான்ஸ்போமரின் செற்றிங்கை மாற்றுவது அவர்களுடைய வேலை. "அதெல்லாம் தேவையில்லை அண்ணை, செற்றிங்கில் எல்லையைக் கூட்டிவிட்டால் விழாது" என்று பொருத்துகிறவர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். உங்கள் வீட்டு பிரிட்ஜும் ரீவியும் பக்கத்து வீட்டுக்காரரின் மோட்டரும் அந்தக் கூடின வோல்டேஜைத்தான் குடிக்கும்.

பெரிய அளவிலும் இதே கதைதான். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டுப்பட்டு நாடு முழுக்கக் கரண்ட் போனது நினைவிருக்கும். குரங்கைச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் பாவனை குறைந்த ஞாயிற்றுக்கிழமையில் சோலாரின் பங்கு கூடி, மின் நிலையங்களில் பாரமாகச் சுழல்கிற பெரிய இயந்திரங்கள் குறைந்திருந்ததால்தான் நாட்டு மின் வலையமைப்பால் அந்த அதிர்ச்சியைத் தாங்க முடியாமல் போனது. அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டதும் இதன் தொடர்ச்சிதான். நிறுத்தச் சொன்னால் எந்தச் சுவிச்சை நிறுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும். அதைப் பொருத்துகிற பகுதியில் சொல்கிறேன்.

ஒரு விலக்கு. நெடுந்தீவு, அனலைதீவு, நயினாதீவு, எழுவைதீவுக்காரருக்கு இந்தக் கணக்குகள் அப்படியே பொருந்தாது. அங்கே தேசிய லைன் போகவில்லை. தீவுக்குள்ளேயே உற்பத்தி நடக்கிறது. எழுவைதீவில் காற்றாடி, சோலார், பற்றரி, டீசல் எல்லாம் சேர்ந்த சிறிய வலையமைப்பே இருக்கிறது. சின்ன வலையமைப்பில் ஒரு வீட்டுக்காரர் தள்ளுகிற கரண்டும் பெரிதாகத் தெரியும். அங்குள்ள மின்சார சபையாரோடு பேசாமல் ஒரு ஆணிகூட வாங்க வேண்டாம்.

இரண்டாம் படி: பில்லை எடுத்து வையுங்கள்

கடந்த பன்னிரண்டு மாதப் பில்லை மேசையில் பரப்புங்கள். மாதச் சராசரி யூனிட்டைப் பாருங்கள். யாழ்ப்பாண வெயிலுக்கு ஒரு கிலோவாட் பனல் வருடச் சராசரியாக நாளொன்றுக்கு மூன்றரையில் இருந்து நாலு யூனிட் வரை தரும். மாதம் 300 யூனிட் எரிக்கிற வீட்டுக்கு மூன்று கிலோவாட் போதும். 30 அம்பியர் ஒற்றைப் பேஸ் வீட்டுக்கு வழக்கமாக 5 கிலோவாட்டுக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைக்கும். உங்கள் இணைப்பின் கொள்ளளவைவிடக் கூடப் போடப் பொதுவாக அனுமதி இல்லை.

வீடுகளுக்குப் பணக் கணக்கு முக்கியமாக மூன்று விதம். நெட் மீற்றரிங் 2010 இல் வந்தது. அதில் மிஞ்சுகிற யூனிட்டுக்குக் காசு கிடையாது, அடுத்த மாதத்துக்கு வரவாகப் போகும். நெட் அக்கவுண்டிங்கில் மிஞ்சியதற்குக் காசு கிடைக்கும். நெட் பிளஸ் என்றால் உற்பத்தி முழுவதையும் தனி மீற்றரில் விற்றுவிட்டு, எரிப்பதற்குத் தனியாகப் பில் கட்டுவது. 2016 இல் சூரிய பல சங்கிராமம் என்ற பெயரில் அரசாங்கம் இவற்றைப் பரவலாக்கியபோது, விற்கிற யூனிட்டுக்கு முதல் 7 வருடம் 22 ரூபாய், பிறகு 13 வருடம் 15.50 ரூபாய் என்று இருந்தது. 2022 இல் புதியவர்களுக்கு 37 ரூபாயாக ஏறி, அதன் பிறகு இறங்கியது. ஆகவே ஐந்து வருடத்துக்கு முந்தி போட்ட மச்சானின் கணக்கை வைத்து நீங்கள் கணக்குப் போட வேண்டாம். கையெழுத்து வைக்கிற நாளில் எது நடைமுறையோ அதுதான் உங்களுக்கு.

விலை எப்படி மாறினாலும் மாறாத ஒன்று, நீங்களே எரிக்கிற யூனிட். கிணற்று மோட்டர், வோஷிங் மெஷின், ஸ்திரிக்கைப் பெட்டி எல்லாவற்றையும் காலை பத்துக்கும் பிற்பகல் இரண்டுக்கும் இடையில் ஓட்டப் பழகினால் லைனுக்குத் தள்ளுவது குறையும், நடுப்பகல் வோல்டேஜும் அவ்வளவு ஏறாது. உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிறவர்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதே இல்லை.

பில் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதையும் இப்போதே பாருங்கள். எங்கள் ஊரில் பாதி வீட்டுக்குக் கரண்ட் பில் இன்னும் அப்பப்பாவின் பெயரில்தான் வருகிறது, அல்லது கனடாவில் இருக்கிற மாமியின் பெயரில். ஒப்பந்தம் கணக்குக்காரரோடுதான். பெயர் மாற்றமோ அற்றோணித் தத்துவமோ தேவைப்பட்டால் முதலில் அதை முடியுங்கள். பெட்டி வந்து மூலையில் கிடக்க, கடுதாசிக்கு அலைவதைப் போல எரிச்சல் வேறில்லை.

மூன்றாம் படி: கூரையும் நிழலும்

நாங்கள் பூமத்திய ரேகைக்கு 9.7 பாகை வடக்கே இருக்கிறோம். பனல் தெற்குப் பார்த்து 10 பாகை சாய்ந்தால் நல்லது. அவ்வளவு சாய்வு இருந்தால் மழைத் தண்ணி தூசியைக் கழுவிக்கொண்டு போகும். கிழக்கு, மேற்குக் கூரையும் கூடாதென்றில்லை, இழப்பு கொஞ்சம்தான். சாய்வு குறைந்த வடக்குக் கூரையில்கூடப் போடலாம். செங்குத்தான ஓட்டுக் கூரையின் வடக்குப் பக்கத்தை மட்டும் தவிருங்கள்.

நிழல்தான் உண்மையான எதிரி. மார்கழி நடுப்பகலில் சூரியன் உச்சியில் இருந்து தெற்கே 33 பாகை இறங்கி நிற்கும். 60 அடித் தென்னை அந்த நேரம் வடக்குப் பக்கம் கிட்டத்தட்ட 40 அடி நிழல் போடும். ஆனியில் சூரியன் வடக்கே போய்விடும். ஆனி மாதத்தில் வந்து கூரையைப் பார்த்துவிட்டு "நிழலே இல்லை" என்று சொல்கிறவரை நம்பி இருக்க வேண்டாம். வளவின் தெற்குப் பக்கத்து மரங்களை நீங்களே எண்ணிப் பாருங்கள். பக்கத்து வளவுத் தென்னையையும் எண்ணுங்கள். அதை வெட்டச் சொல்லி உறவு முறிந்த வீடுகள் உண்டு. தேங்காயும் ஓலையும் பனம்பழமும் பனலில் விழுகிற தூரத்தையும் சேர்த்தே பாருங்கள்.

பனல்களை வரிசையாகத் தொடுக்கும்போது ஒன்றில் விழுகிற நிழல் முழு வரிசையின் கரண்டையும் இழுத்துப் பிடிக்கும். இரண்டு எம்பிபிடி உள்ள இன்வேட்டர் என்றால் நிழல் படுகிற பக்கத்தைத் தனி வரிசையாகப் பிரிக்கலாம். கூரை நாலா பக்கமும் பிரிந்து சாய்ந்து, மரமும் சூழ்ந்த வீட்டுக்கு ஒவ்வொரு பனலுக்கும் கீழே ஒரு சின்ன இன்வேட்டர் வைக்கிற மைக்ரோ இன்வேட்டர் முறை இருக்கிறது. வேலை செய்யும். ஆனால் பழுதானால் கூரையில் ஏறிப் பனலைக் கழற்ற வேண்டும், அதுவும் எங்கள் வெயிலில். மரமில்லாத ஒற்றைக் கூரைக்கு அந்தச் செலவு வீண்.

நாலாம் படி: இப்போது பெட்டி

சந்தையில் கூடுதலாகக் கிடைக்கிற 550 வாட் பனலை எடுத்துக்கொள்வோம். ஏழரை அடி நீளம், 28 கிலோ அளவு. அதன் முதுகில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் படிக்கப் பழகுங்கள். கரண்ட் ஓடாமல் திறந்திருக்கும்போது 50 வோல்ட் அளவு, ஓடும்போது 41 அல்லது 42 வோல்ட், 13 அம்பியர் என்று இருக்கும். 5 கிலோவாட் இன்வேட்டருக்குப் பத்துப் பனல் தொடுத்தால் திறந்த வோல்டேஜ் 500. சூடு குறையக் குறைய இது கூடும். எங்கள் ஊரில் தை மாத விடியற்காலையில்கூட 20 பாகைக்குப் பக்கத்தில்தான் நிற்கும் என்பதால் 507 ஐத் தாண்டாது. 600 வோல்ட் தாங்குகிற இன்வேட்டருக்கு இது தாராளம், 550 தாங்குவதற்கும் சரி. "இடமிருக்கே, இன்னும் இரண்டைக் கோர்ப்பம்" என்று பன்னிரண்டாக்கினால் 600 ஐத் தாண்டும். முதல் நாள் காலையிலேயே பெட்டி எரியலாம், உத்தரவாதமும் போய்விடும்.

மறுபக்கத்தையும் பாருங்கள். பங்குனி, சித்திரை நடுப்பகலில் பனல் 65 பாகைக்கு மேலே கொதிக்கும். ஓடுகிற வோல்டேஜ் பத்துப் பனலுக்கும் சேர்த்து 360 போல இறங்கும். அதனால் பாதகமில்லை. ஆனால் நாலு பனலை மட்டும் தனி வரிசையாக விட்டால் 140க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சில இன்வேட்டர் அந்த வோல்டேஜில் எழும்பவே சுணங்கும். இன்வேட்டர் ஏட்டில் "தொடங்கும் வோல்டேஜ்", "எம்பிபிடி எல்லை" என்று இரண்டு வரி இருக்கும். வாங்குவதற்கு முதல் உங்கள் வரிசையை அதோடு ஒப்பிடுங்கள். அம்பியரையும் பாருங்கள். பழைய மாடல்கள் ஒரு வரிசைக்கு 12.5 அம்பியர்தான் எடுக்கும். புதுப் பனல் 13க்கு மேலே தரும். மலிவாகக் கழித்துவிடுகிற பழைய ஸ்ரொக்கில் மாட்டுப்படுவது இங்கேதான்.

5 கிலோவாட் பெட்டிக்கு ஐந்தரை, ஆறு கிலோவாட் பனல் போடுவது வழமை. ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். சூட்டாலும் தூசியாலும் பனல் தன் முழு அளவைத் தருவது அபூர்வம்.

வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் இன்வேட்டர் கொண்டுவந்து தருகிற வீடுகள் நிறைய. கனடாவில் லைன் 60 ஹேட்ஸ், 120/240 வோல்ட். அங்கே வாங்குகிற பெட்டி இங்கே அநேகமாக உதவாது. லண்டன், ஜேர்மனி, பிரான்ஸ், அவுஸ்திரேலியா என்றால் 230 வோல்ட், 50 ஹேட்ஸ்தான். ஆனாலும் உள்ளே இருக்கிற நாட்டுச் செற்றிங் வேறாக இருக்கும், மின்சார சபை ஏற்குமா என்று கேட்க வேண்டும், பழுதானால் பார்க்க இங்கே ஆள் இல்லை. அந்தக் காசை அனுப்பச் சொல்லி இங்கேயே வாங்குவது புத்தி. வாங்கும்போது ஐஈசி 62109, 62116, 61727 ஆகிய சான்றுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதலாவது பாதுகாப்பு, இரண்டாவது லைன் போனதும் நிற்பது, மூன்றாவது லைனோடு சேர்கிற ஒழுங்கு. அப்புறம் ஒரு கேள்வி: "பழுதானால் மாற்றுப் பெட்டி யாழ்ப்பாணத்தில் தருவீர்களா, கொழும்புக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டுமா?" பத்து வருட உத்தரவாதம் என்ற பெரிய எழுத்தைவிட இந்தப் பதில் முக்கியம்.

ஐந்தாம் படி: அனுமதி

இதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒழுங்கு மட்டும் மாறக்கூடாது. நிலைபெறுதகு வலு அதிகார சபையில் பதிந்த நிறுவனம் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். விண்ணப்பம் மின்சார சபைப் பிரதேச அலுவலகத்துக்குப் போகும். உங்கள் ரான்ஸ்போமரில் இடமிருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். இடமில்லை என்றால் காத்திருக்க வேண்டி வரும். அதனால் அனுமதி கைக்கு வரும்வரை முழுக்காசு கட்டாதீர்கள். பொருத்தி முடிந்ததும் சோதனை, இரு பக்கமும் எண்ணுகிற புது மீற்றர், ஒப்பந்தம். மீற்றர் மாற்றுவதற்கு முதல் இன்வேட்டரைப் போட்டுப் பார்த்தால், நீங்கள் தள்ளுகிற யூனிட்டையும் எரித்ததாகவே சில மீற்றர்கள் எண்ணிவிடும். ஆசையை அடக்குங்கள்.

சோதனை நாளில் பக்கத்தில் நில்லுங்கள். மெயினை நிறுத்துவார்கள். இன்வேட்டர் உடனே நிற்க வேண்டும். திரும்பப் போட்டால் சில நிமிடம் காத்திருந்து சேர வேண்டும்.

ஆறாம் படி: பொருத்துகிற நாள்

இடம் முதலில். இன்வேட்டர் சூட்டைக் கண்டால் தன் உற்பத்தியைத் தானே குறைக்கும். மேற்குச் சுவர் வேண்டாம். விறாந்தையின் உட்பக்கம், அல்லது கிழக்கு, வடக்குச் சுவரில் கூரை நிழல் விழுகிற இடம் நல்லது. ஐபி 65 என்று போட்டிருந்தால் மழையைத் தாங்கும். அதற்காக வெயிலில் தொங்கவிட வேண்டும் என்றில்லை. மேலும் கீழும் பக்கமும் ஒரு முழம் இடைவெளி விடுங்கள். அடுப்புப் புகை வருகிற பத்தியில் வேண்டாம். படுக்கையறைச் சுவரிலும் வேண்டாம், ரிலே சத்தமும் இரைச்சலும் இருக்கும். பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, காங்கேசன்துறை போலக் கடலுக்குக் கிட்ட என்றால் பனலைத் தாங்குகிற அலுமினியத் தண்டவாளமும் துருப்பிடிக்காத உருக்கு நட்டும் போடச் சொல்லுங்கள். சாதாரண நட்டை உப்புக் காற்று தின்றுவிடும்.

இனி வயர். பனல் வயர்களைச் சேர்க்கிற கறுப்புக் கிளிப்புக்கு எம்சி4 என்று பெயர். அதன் ஆண் பாதியும் பெண் பாதியும் ஒரே கொம்பனியாக இருக்க வேண்டும். வேறு வேறு கொம்பனியும் பூட்டும், "கிளிக்" என்று சத்தமும் கேட்கும், ஆனால் உள்ளே முழுதாகப் பிடிக்காது. நாளடைவில் சூடாகி உருகும். கூரைத் தீக்கு இது பழைய காரணம். கிளிப்பை ஓட்டில் படாமல் தண்டவாளத்தோடு கட்டச் சொல்லுங்கள். கூரை ஓட்டில் தண்ணி நிற்கும்.

டிசி கரண்டை விளையாட்டாக எடுக்க வேண்டாம். ஏசியில் பொறி பறந்தாலும் அணையும், டிசியில் பிடித்த பொறி அணையாமல் எரியும். வெயில் நேரத்தில் எம்சி4 கிளிப்பைக் கழற்றவே கூடாது. நிறுத்த வேண்டுமானால் முதலில் ஏசி பிரேக்கர், பிறகு பனல் பக்கத்தைத் துண்டிக்கிற சுவிச்சான டிசி ஐசொலேட்டர். திரும்பப் போடும்போது முதலில் டிசி, பிறகு ஏசி. புத்தாண்டு விடுமுறையில் நிறுத்தச் சொன்னாலும் இதே ஒழுங்குதான். இரண்டு சுவிச்சிலும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் இருக்கிற அம்மாவுக்கும் தெரிய வேண்டும். ஏசி வயரை வீட்டுச் சுற்றின் ட்ரிப் சுவிச்சுக்குப் பின்னால் சேர்க்காமல் அதற்கு முன்னால் தனிப் பிரேக்கரோடு சேர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மழைநாளில் பனலில் இருந்து கசிகிற சின்னக் கரண்டுக்கே வீடு இருண்டுவிடும்.

எர்த் எங்கள் மண்ணில் தனிப் பாடம். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். நிலத்தில் அடிக்கிற எர்த் கம்பி நாலடி போவதற்குள் கல்லில் முட்டும். முட்டிய இடத்தில் கம்பியை அறுத்துவிட்டுச் சீமெந்து பூசி மறைப்பவர்களும் இருக்கிறார்கள். அடிக்கும்போது நின்று பாருங்கள். ஓரிடத்தில் இறங்காவிட்டால், தண்ணி வடிகிற ஈரமான வேறிடத்தில் அடிக்கலாம். ஒன்றுக்கு இரண்டு கம்பி அடித்துச் சேர்க்கலாம். முடிந்ததும் எர்த் மீற்றரால் அளந்து 10 ஓமுக்குக் கீழே காட்டச் சொல்லுங்கள். சோளகம் வீசுகிற காய்ந்த மாதங்களில் இது கூடும் என்பதால் கொஞ்சம் குறைவாகவே இருப்பது நல்லது. இடிமின்னலுக்கு டிசி, ஏசி இரண்டு பக்கமும் சேர்ஜ் புரொட்டெக்டர் வேண்டும். எர்த் சரியில்லாவிட்டால் அது பெட்டிக்குள் இருக்கிற ஒரு அலங்காரம் மட்டும்தான். பெட்டிக்குள் வயர் நுழைகிற துளைகளை இறுக்கி அடைக்கச் சொல்லுங்கள். எறும்பும் பல்லியும் அந்தச் சூட்டைத் தேடி வரும். முனைகளுக்கு நடுவே ஒரு பல்லி செத்தால் அன்றைக்கு உற்பத்தி இல்லை.

ஓடத் தொடங்கிய பிறகு

முதல் மாதம் தினமும் ஒரு தடவை போன் செயலியைப் பாருங்கள். நல்ல வெயில் நாளில் வரைகோடு காலையில் ஏறி, நடுப்பகலில் உச்சிக்குப் போய், மாலையில் இறங்க வேண்டும். நடுப்பகலில் பல்லுப் பல்லாக வெட்டுப்பட்டிருந்தால் வோல்டேஜ் கூடி விழுகிறது என்று அர்த்தம், முதற்படிக்குத் திரும்புங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் பள்ளம் விழுந்தால் நிழல். முகில் நாளில் ஏறி இறங்குவது இயல்பு. கார்த்திகை, மார்கழியில் உற்பத்தி நன்றாகக் குறையும். அதற்காகக் கொம்பனிக்காரரைத் திட்ட வேண்டாம்.

சோளகக் காலத்துச் செம்பாட்டுத் தூசியை விடியற்காலையில் வெறும் தண்ணியாலும் மெல்லிய துணியாலும் கழுவுங்கள். நடுப்பகலில் கொதிக்கிற கண்ணாடியில் குளிர்தண்ணி ஊற்ற வேண்டாம். கிணற்றுத் தண்ணி கல்லுத் தண்ணி என்றால் காயமுதல் துடைத்துவிடுங்கள். வெள்ளைப் படை பிடித்தால் பிறகு போகாது.

ஐப்பசி மழை தொடங்கியதும் சில வீடுகளில் காலையில் இன்வேட்டர் எழும்பாமல் சிவப்பைக் காட்டும். வெயில் ஏறிக் காய்ந்ததும் தானாக ஓடத் தொடங்கும். திரையில் "இன்சுலேசன்" (கரண்ட் கசியாமல் காக்கிற காப்பு) என்ற சொல் இருக்கும். ஈரம் புகுந்த கிளிப், எலி கடித்த வயர், கூரை விளிம்பில் உரசித் தோல் போன வயர், இவற்றில் ஒன்றாக இருக்கும். மத்தியானம் ஓடுகிறதுதானே என்று விடாதீர்கள். பனலையோ தண்டவாளத்தையோ தொடவும் வேண்டாம். திரையைப் படம் எடுத்து, ஏசி, பிறகு டிசி என்று இரண்டையும் நிறுத்திவிட்டு, பொருத்தியவரைக் கூப்பிடுங்கள். அவர் வந்ததும் ஒவ்வொரு வரிசையாகப் பிரித்து இன்சுலேசன் மீற்றரால் அளக்க வேண்டும். மீற்றர் கொண்டுவராமல் வந்து, பெட்டியை நிறுத்திப் போட்டுவிட்டு "இப்ப சரி" என்று சொன்னால், மீற்றரோடு திரும்பி வரும்வரை கூலி கொடுக்காதீர்கள்.